மிகவும் திருப்தியான வாடிக்கையாளர்

ஆஸ்டர்மன் மோட்டார்ஸ் என்ற கார் கடை மூடி முப்பத்தெட்டு வருடமாகிவிட்டது. அதன் விற்பனைக் காகிதங்கள் முழுவதும் முதலாளியின் மகள் காலீன் வீட்டு ஷெட்டில், ஓடாத ஒரு ஃப்ரீசர் பெட்டிக்குள் இருந்தன. ஃப்ரீசருக்குள் எலி நுழையாது என்பது காலீனின் வாதம். எலியால்தான் நுழைய முடியாது; மனிதர்கள் நுழையலாம், ஆனால் வியாழக்கிழமை இரண்டு மணிக்கு மேல், நேரில் வந்து, அவள் கொடுக்கும் பச்சை நிற ஜெல்லி சாலட்டைச் சாப்பிட்டு முடித்த பிறகு. கடிதத்துக்குப் பதில் கிடையாது. போனை எடுக்கமாட்டாள். இது தெரியாமல் என் கணவர் வெர்லின் அவளுக்கு ஆறு வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

ஜூன் மாதம் நாங்கள் நேரில் போனோம். வெர்லின் ஜெல்லியை நான்கே வாயில் விழுங்கிவிட்டு எழுந்து நின்றார்.

"உட்காருங்க, இன்னும் கொஞ்சம் வைக்கிறேன்," என்றாள் காலீன்.

"வேண்டாம்மா, வயிறு நிறைஞ்சுடுச்சு."

"நாலு ஸ்பூன்ல நிறையுற வயிறா அது? பாத்தா அப்படித் தெரியலையே."

நான் சிரித்தேன். வெர்லின் சிரிக்கவில்லை. அவர் கண் ஷெட் கதவின் மேலேயே இருந்தது.

எங்கள் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அதன் பெயரை எழுதப்போவதில்லை. பதினான்கு வருடமாக எங்கள் வீட்டில் அந்தப் பெயர் போதுமான தடவை சொல்லப்பட்டுவிட்டது. 1969ஆம் வருடத்து வண்டி, பச்சை நிறம், இரண்டே கதவு. அந்த வருடம் கம்பெனி ஒரே உடம்புக்குள் இரண்டு விதமான எஞ்சின் வைத்து விற்றது. ஒன்று சாது. இன்னொன்று பேய். பேய் எஞ்சினோடு பிறந்த வண்டிகள் இன்று மிகக் கொஞ்சம். அதனால் சாதுவாகப் பிறந்தவற்றுக்குப் பேய் வேஷம் போட்டு நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எது பிறவிப் பேய், எது வேஷம் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. விற்ற கடையின் சீட்டு ஒன்றுதான் சாட்சி.

வெர்லினின் வண்டி ஒரு சோளக்களஞ்சியத்தில், கோழிகள் முட்டையிடும் இடமாக இருந்தபோது எங்களிடம் வந்தது. எந்தச் சீட்டும் இல்லை. ஒன்பது வருடம் திருகாணி திருகாணியாகப் பழுது பார்த்தார். முதல் கண்காட்சிக்குக் கொண்டுபோன அன்றே, எங்கள் பழைய கார் சங்கத்துக்காரர் மெர்ல் ஷ்ரோடர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "நல்லா வேஷம் போட்டிருக்கப்பா வெர்லின். யாரு டெய்லர்?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அதற்குப் பிறகு ஐந்து வருடமாக ஒவ்வொரு கண்காட்சியிலும் அவர் வெர்லினைப் பார்த்து, "டெய்லர் சௌக்கியமா?" என்பார்.

மெர்லிடம் சீட்டு இருந்தது. அவருடைய சிவப்பு வண்டியும் ஆஸ்டர்மன் கடையில் விற்றதுதான். அதன் முன்னால் கண்ணாடிச் சட்டத்தில் ஒரு பலகை வைத்திருப்பார்: 'முதல் சொந்தக்காரர்: செல்வி அகஸ்டா லூதி. ஒரே பெண்மணியின் கையில் இருந்த வண்டி.' அந்த அகஸ்டாவை அவர் தன் அத்தையைப் போலப் பேசுவார். "அகஸ்டா மாதிரி மெதுவா ஓட்டணும் வண்டியை," என்பார்.

காலீன் ஃப்ரீசர் மூடியைத் தூக்கினாள். வரிசையாக ஷூ பெட்டிகள். வண்டி எண்ணைக் கேட்டுவிட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, சீட்டுகளைச் சீட்டுக்கட்டு போலத் தள்ளிக்கொண்டே போனாள். வெர்லின் மூச்சு விடவில்லை. கல்யாணத்தன்று பாதிரியார் கேட்டபோதுகூட அவர் இப்படி நின்றதாக எனக்கு நினைவில்லை.

"இந்தாங்க. மார்ச் இருபத்தெட்டு, அறுபத்தொன்பது. பச்சை. எஞ்சின் எண் சரியா இருக்கா பாருங்க."

வெர்லின் பார்த்தார். இரண்டாம் தடவை பார்த்தார். பிறகு சீட்டை என்னிடம் நீட்டினார். கண் நிறைந்து அவருக்கு எழுத்து தெரியவில்லை. பேய் எஞ்சின்தான். பிறவிப் பேய். வாங்கியவர் பெயர்: ஓர்வில் கிரேபில்.

"ஓர்வில்," என்றார் வெர்லின், பிள்ளைக்குப் பெயர் வைப்பதுபோல. "ஓர்வில் கிரேபில்."

காலீன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வெர்லினின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "இன்னும் கொஞ்சம் ஜெல்லி?" என்றாள். வெர்லின் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

திரும்பி வரும்போது காரில் அவர் சொன்னார், "முடிஞ்சுது, ரோ. சீட்டு கிடைச்சா உனக்குக் கடல் காட்டுறேன்னு சொன்ன வாக்கு சொன்னதுதான். ஜூலைக் கண்காட்சியில சீட்டைக் காட்டிட்டா, அதோட தேடுறது எல்லாம் மூட்டை கட்டியாச்சு. செப்டம்பர்ல நாம மெய்னுக்குப் போறோம். கடல் பாக்குறோம்."

அறுபத்தோரு வயதாகியும் நான் கடல் பார்த்ததில்லை. ஒஹையோவில் பிறந்து, ஒஹையோவிலேயே பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் மற்றவர்களின் பிள்ளைகளுக்கு வருகைப் பதிவேடு எழுதியவள். பதினான்கு வருடமாக என் காலை உணவு மேசையில் எனக்கு எதிரே ஒரு கணவரின் உடம்பு உட்கார்ந்திருந்தது; மற்றதெல்லாம் எங்கோ ஒரு கிழவரின் பரணில் பழைய காகிதம் தேடிக்கொண்டிருந்தது. அது திரும்பி வரப்போகிறது என்று நினைத்ததும் சந்தோஷமாக இருந்தது. கூடவே, பல்லில் ஏதோ சிக்கியதுபோல, ஒரு சின்ன நெருடல். திரும்பி வந்தபிறகு அவரோடு என்ன பேசுவேன்? அந்த நெருடலை நாக்கால் தள்ளிவிட்டு வெளியே சோளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவருக்கு ஒரு பரிசு கொடுக்க நினைத்தேன். கண்காட்சியில் வண்டிக்கு முன்னால் வைக்க, ஓர்வில் கிரேபிலின் புகைப்படம். அகஸ்டாவுக்குக்கூட மெர்லிடம் படம் கிடையாது. வெர்லினுக்குத் தெரியாமல் நான் தேட ஆரம்பித்தேன்.

முதலில், கார் கடை இருந்த லீமன்ஸ்வில் ஊரின் நூலகம். 1969ஆம் வருடத் தொலைபேசிப் புத்தகத்தில் ஓர்வில் இல்லை. எழுபதில் இல்லை. அறுபத்தைந்திலும் இல்லை. போன் இல்லாத மனிதர், ஆனால் நானூறு குதிரைச் சக்தி கொண்ட வண்டி வாங்கியிருக்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கூச்சக்காரராக இருக்கவேண்டும். பள்ளி ஆண்டு மலர்களைப் பார்த்தேன். ராணுவப் பட்டியல்களைப் பார்த்தேன். அடுத்த வாரமும் போனேன். நூலகப் பெண் நான் வந்ததுமே விளக்கைப் போட ஆரம்பித்தாள். மூன்றாம் வாரம், ஒரு மதியம் சாப்பிட மறந்துவிட்டேன் என்பதை மாலை ஐந்து மணிக்குத்தான் உணர்ந்தேன். இது எனக்கு நடந்ததே இல்லை. சாப்பாட்டை மறப்பது வெர்லினின் குணம். அதற்காக நான் அவரைத் திட்டுவது என் குணம்.

கடைசியில் சீட்டில் இருந்த முகவரிக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். மாவட்டச் சாலை ஒன்பது, எண் 2200. வீடு இடிந்திருந்தால்கூடப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருப்பார்கள்.

2200 ஒரு கல்லறைத் தோட்டம். இரும்புக் கதவு, அதன் மேல் எண் எழுதிய தகரம். சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு மெத்தைக் கடை. கட்டடத்தைப் பார்த்தாலே ஒரு காலத்தில் கார் கடையாக இருந்தது தெரிந்தது.

ஓர்வில் இங்கே காவலாளியாக இருந்திருக்கவேண்டும் என்று நினைத்தேன். பகலெல்லாம் குழி வெட்டிவிட்டு, எதிர்க்கடைக் கண்ணாடியில் பச்சை வண்டியைப் பார்த்துப் பார்த்து ஏங்கிய ஓர் ஏழைத் தொழிலாளி. பலகையில் எழுத நல்ல கதை. அதை மனதுக்குள் எழுதிக்கொண்டே வேலிப் பக்கமாக நாலு அடி நடந்தேன். முதல் வரிசையில், சாலையைப் பார்த்தபடி, அவர் இருந்தார்.

ஓர்வில் கிரேபில். 1859–1931.

கல்லுக்கு முன்னால் நின்று கணக்குப் போட்டேன். வண்டி வாங்கியபோது அவருக்கு வயது நூற்றுப்பத்து. இறந்து முப்பத்தெட்டு வருடம்.

வேறொரு ஓர்வில் இருக்கலாம் என்று மனசு கெஞ்சியது. இரண்டு கல் தள்ளி ஒரு சின்னக் கல், மேலே ஓர் ஆட்டுக்குட்டி சிலை. அகஸ்டா லூதி. 1912–1918. ஆறு வயது.

'ஒரே பெண்மணியின் கையில் இருந்த வண்டி.'

நான் கல்லறையில் சத்தம் போட்டுச் சிரித்தேன். உடனே வெட்கமாகி, புல்லில் மண்டியிட்டுக் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு மறுபடியும் சிரித்தேன்.

அன்று வியாழக்கிழமை. மணி இரண்டரை. காலீன் கதவைத் திறந்து என் முழங்காலில் ஒட்டியிருந்த புல்லைப் பார்த்தாள்.

"எதிர்ப்பக்கம் போயிட்டீங்களா?" என்றாள். "வாங்க உள்ளே. இன்னிக்கு ஜெல்லி வேண்டாம், காபி குடிங்க."

"என்ன காலீன் இது?"

"ஹவாய்," என்றாள் அவள். சுவரில் இருந்த படத்தைக் காட்டினாள். பூமாலை போட்டுக்கொண்டு அவளுடைய அப்பாவும் அம்மாவும் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். "மார்ச் முடியறதுக்குள்ள இத்தனை வண்டி வித்தா ஹவாய்னு கம்பெனில போட்டி வெச்சாங்க. அப்பாவுக்கு ஒன்பது குறைஞ்சுது. வண்டி வித்தாச்சுன்னு சீட்டு அனுப்பணும். சீட்டுல பேர் வேணும். உயிரோட இருக்கிறவங்க பேரைப் போட்டா வம்பு. ஜன்னல் வழியா எதிர்ல பாத்தார்."

"அதுக்காக? செத்தவங்க பேரையா?"

"நான்தான் பென்சில் எடுத்துக்கிட்டுப் போய் எழுதிட்டு வந்தேன். பதிமூணு வயசு எனக்கு. 'நல்ல பேரா பாத்து எழுதும்மா, ரொம்பப் புதுசு வேண்டாம், சொந்தக்காரங்க மனசு கஷ்டப்படும்'னு சொல்லி அனுப்பினார். அப்பா நல்ல மனுஷன்."

"அகஸ்டாவுக்கு ஆறு வயசு, காலீன்!"

"பேரு அழகா இருந்துச்சு." அவள் காபியைக் கலக்கினாள். "அப்புறம் கம்பெனில இருந்து வாடிக்கையாளர்களுக்கெல்லாம் கடுதாசி வந்துச்சு, வண்டி எப்படி இருக்குன்னு. அப்பாவே உட்கார்ந்து ஒன்பதையும் நிரப்பினார். மிகவும் திருப்தின்னு. உங்க ஓர்வில் 'வண்டி ரொம்ப அமைதியா ஓடுது'ன்னு வேற எழுதியிருந்தார்."

"எங்ககிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"உங்க வீட்டுக்காரர் அன்னிக்கு நின்ன நிலையைப் பாத்தீங்கள்ல? மோதிரம் மாத்துற நேரத்துல போய் மாப்பிள்ளைக்குப் பல் செட்டுன்னு சொல்லச் சொல்றீங்களா?" பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கினாள். "சீட்டு அசல்தான். வண்டி, எஞ்சின், தேதி, எல்லாம் நிஜம். ஆளு மட்டும்தான் பொய்."

"அப்போ நிஜமா வாங்கினது யாரு?"

"காகிதத்துல வித்த வண்டியைத் திரும்பப் புதுசுன்னு விக்க முடியாது. பழைய வண்டிக் கணக்குல சேத்து வித்தாங்க. அந்த நோட்டு என்கிட்ட இல்ல. பழைய வண்டிப் பக்கத்தைப் பாத்துக்கிட்டவர் ஹப் டென்லிங்கர். அவர் செத்துட்டார். பையன் கென்டன் பக்கம் எங்கேயோ இருக்கான்."

வீட்டுக்கு வந்தபோது வெர்லின் மேசையில் மெய்ன் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். கலங்கரை விளக்கங்களுக்குச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். "ரோ, இங்க நண்டு நல்லா இருக்குமாம்," என்றார். என்னைப் பார்த்துச் சொன்னார். பதினான்கு வருடத்தில் முதல் முறையாக முழு மனிதரும் நாற்காலியில் இருந்தார்.

சொல்லவேண்டாம் என்று முடிவு செய்தேன். முடிவு சுலபமாக வந்தது. சீட்டு அசல். நடுவர்கள் எண்ணைத்தான் பார்ப்பார்கள். கல்லறைக்குப் போய் யார் பார்க்கப்போகிறார்கள்? சொன்னால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும்: நிஜமான ஆள் யார் என்ற தேடல் தொடங்கும், இன்னொரு பதினான்கு வருடம். எனக்கு எழுபத்தைந்து ஆகும். கடல் அங்கேயே இருக்கும், நான்?

இப்படி ஒரு வாரம் இருந்தேன். அந்த வாரத்தில் வெர்லின் எனக்குப் பாத்திரம் கழுவிக் கொடுத்தார். என்னோடு தொலைக்காட்சி பார்த்தார். நண்டைப் பற்றிப் பேசினோம். நண்டைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. புதன்கிழமை சாப்பிடும்போது நாங்கள் இருவரும் உப்பு டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெர்லின், "ஓர்வில் என்ன வேலை பாத்திருப்பார்னு நினைக்கிற?" என்று கேட்டார்.

"தெரியல."

"விவசாயியா இருக்கமாட்டார். இந்த வண்டி வாங்குற ஆளுக்குப் பொறுமை இருக்காது."

"அவருக்குப் பொறுமை நிறைய," என்றேன். சொன்னபிறகு எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

அவர் ஓர்வில்மேல் பாசம் வைத்துவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பொய்யை என்னால் தாங்க முடிந்தது; ஆனால் அந்தப் பொய்க்குள் அவர் தனியாக இருந்தார், நான் வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்கு வருடமும் இப்படித்தான் இருந்தோம் என்றாலும், அப்போது உள்ளே இருந்ததற்கு அவர் காரணம். இப்போது காரணம் நான்.

கண்காட்சிக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, எங்கள் வண்டி நிற்கும் ஷெட்டுக்குப் போனேன். அவர் பல் துலக்கும் பிரஷால் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வெர்லின், ஓர்வில் செத்துட்டார்."

"அடடா," என்றார். பிரஷைக் கீழே வைத்தார். "எப்போ?"

"முப்பத்தொண்ணுல."

நான் எல்லாவற்றையும் சொன்னேன்: வேலி, முதல் வரிசை, ஹவாய், பென்சில், பதிமூன்று வயது. அகஸ்டாவையும் சொன்னேன். சொல்லிக்கொண்டே அவர் முகத்தில் வெளிச்சம் அணைவதற்குக் காத்திருந்தேன். மெர்ல் நாளைக்கு அவரை உயிரோடு தின்பார். ஐந்து வருடத்துக்குப் பிறகு கிடைத்த சாட்சி, எலும்புக்கூடு.

"மிகவும் திருப்தின்னா எழுதினார்?" என்றார் கடைசியில்.

"அமைதியா ஓடுதுன்னும்."

அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கிட்டே போனேன். சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, சத்தமே வராமல், முகம் சிவந்து சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. சிமென்ட் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க இருவருக்குமே உதவி தேவைப்படும் என்று தெரிந்தே உட்கார்ந்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார், "இதையெல்லாம் நீயா கண்டுபிடிச்ச? தனியா?"

"நூலகத்துல மூணு வாரம்."

"மூணு வாரம்! நான் ஆறு வருஷம் கடுதாசி எழுதினேன்." என்னை அவர் பார்த்த பார்வை புதியது. பேய் எஞ்சினைப் பார்க்கும் பார்வை அது என்று சொன்னால் மிகையாகாது. பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்குச் சொல்லிடுவோம் ரோ. பலகையில எழுதிடுவோம். பொய் சொல்லி மார்க் வாங்கினா, மெர்ல் சொன்ன டெய்லர் நானேதான்னு ஆயிடும்," என்றார். "அகஸ்டா விஷயத்தை மட்டும் எழுத வேண்டாம்."

"ஏன்? அஞ்சு வருஷமா உன்னை என்ன பாடு படுத்தினான் அவன்!"

"அவனுக்கு அவளை விட்டா யாரு இருக்கா?"

மறுநாள் எங்கள் பலகையில் இப்படி எழுதியிருந்தது: 'காகிதத்தில் முதல் சொந்தக்காரர்: ஓர்வில் கிரேபில் (1859–1931). உண்மையில் ஓட்டியவரைத் தேடுகிறோம். தெரிந்தவர்கள் சொல்லவும்.'

நடுவர் தடித்த கண்ணாடிக்காரர். பலகையைப் படித்தார், சீட்டைப் படித்தார், மறுபடி பலகையைப் படித்தார். "வண்டி வாங்கினப்போ இவருக்கு உடம்பு சரியில்லையோ?" என்றார்.

"ரொம்ப நாளா," என்றார் வெர்லின். ஹவாய் கதையைச் சொன்னார். நடுவர் பேனாவைக் கடித்துக்கொண்டு கேட்டார். பிறகு எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"சீட்டு அசல். எஞ்சின் அசல். ஆளுக்கு எங்க படிவத்துல மார்க் கிடையாது," என்று சொல்லிக் காகிதத்துக்கான கட்டத்தில் முழு மதிப்பெண் போட்டார். வெர்லின் தொப்பியைக் கழற்றி, பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

மெர்ல் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பேய் எஞ்சின்னு சொன்னாங்க, ஓனரே பேய்னு சொல்லலையேப்பா!" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். வெர்லின் சும்மா தலையாட்டினார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அகஸ்டாவைப் பற்றி வாய் திறக்காமல் இருக்க, ரத்தம் வரும் அளவுக்குக் கடிக்கவேண்டியிருந்தது. அரை மணி நேரம் கழித்து மெர்ல் பன்றிக்கறி சாண்ட்விச்சோடு தனியாக என்னிடம் வந்தார். சாண்ட்விச்சை ஒரு வாய்கூடக் கடித்திருக்கவில்லை.

"ரோவீனா, அந்தக் கல்லறைல... வேற பேரு எதுவும் பாத்தியா?"

வெர்லின் தூரத்திலிருந்து என்னைப் பார்த்தார்.

"நான் ஓர்வில்லைத் தேடித்தானே போனேன், மெர்ல்," என்றேன். பொய் இல்லை. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் படித்துவிட்டு, மெதுவாகத் திரும்பித் தன் சிவப்பு வண்டிக்குப் போனார். பலகையின் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தார்.

மதியத்துக்குள் எங்கள் வண்டியைச் சுற்றிக் கூட்டம். எல்லோருக்கும் ஆள் தெரிந்திருந்தது. ஒருவருக்கு அது அவருடைய மாமா. ஒரு பெண்மணிக்கு அது அவளை ஏமாற்றிவிட்டுப் போன முதல் காதலன். வண்டியை மட்டும் மன்னித்துவிட்டாளாம். பல் இல்லாத ஒரு கிழவர், தானே ஓட்டியதாகச் சொன்னார். என்ன நிறம் என்று கேட்டால் நீலம் என்றார். நான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, பழைய வருகைப் பதிவேட்டில் செய்வதுபோலப் பெயர், ஊர், போன் எண் என்று கோடு போட்டு எழுதிக்கொண்டேன். பதினொரு மாமாக்கள் சேர்ந்தார்கள்.

வெர்லின் எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தார். குனிந்து நோட்டைப் பார்த்தார்.

"ரோ, மெய்ன் டிக்கெட்டைத் திங்கட்கிழமை எடுத்துடறேன். வாக்கு வாக்குதான்."

"எடு," என்றேன். "ஆனா புதன்கிழமை கென்டன் போகணும். டென்லிங்கர் பையன் போனை எடுத்துட்டான். நோட்டு அவன்கிட்டதான் இருக்கு, பாதியை ஆடு தின்னுடுச்சாம்."

"எந்தப் பாதி?"

"அதைத்தான் போய்ப் பாக்கணும். கொஞ்சம் தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்கிற." அடுத்த மாமாவின் சொந்தக்காரர் காத்துக்கொண்டிருந்தார்.